பழைய தீட்டுக்கல்லை இனம் காண்பது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பழைய கருவிப் பெட்டியின் அடியில் கறுத்த கட்டி ஒன்று கிடக்கும். கையில் எடுத்தால் கனக்கும், பிசுக்கு ஒட்டும், பழைய எண்ணெய் நாற்றம் அடிக்கும். எடுத்தவர் முதலில் கேட்பது "இது என்ன கல்?" என்பதுதான். நான் அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். என்னிடம் வந்து சேர்ந்த கெட்டுப்போன கற்களில் பாதிக்கு மேல் காலத்தால் கெட்டவை அல்ல. கண்டெடுத்த முதல் அரை மணி நேரத்தில் அவசரப்பட்டுக் கெடுக்கப்பட்டவை. ஒன்றைக் கொதிக்க வைத்தார்கள், ஒன்றை இரவெல்லாம் நீரில் ஊற வைத்தார்கள், இன்னொன்றைத் தேய்த்துத் தேய்த்து அதன் ஒரே அடையாளமான முத்திரையை அழித்தார்கள். கல் என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டால் பெயர் பெரும்பாலும் தானே வந்துவிடும். வராவிட்டாலும் கல்லைப் பயன்படுத்தத் தடையில்லை.

உங்கள் கல்லிடம் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஒவ்வொன்றிலும் எளிய காரணம் முதலிலும், செலவும் உழைப்பும் கூடியது கடைசியிலும் இருக்கும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில்

நான்கு பக்கமும், அடிப்பக்கமும், பெட்டி இருந்தால் பெட்டியின் உள்பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். பழைய கற்களின் பெயர் பெரும்பாலும் மையால் அச்சிடப்பட்டோ காகிதச் சீட்டாக ஒட்டப்பட்டோ இருக்கும். மண்ணெண்ணெய் பட்டால் மை கரையும், நீர் பட்டால் சீட்டு உரியும். பிசுக்குக்கு அடியில் எழுத்து மறைந்திருக்கலாம் என்பதால் சாய்வான வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள்.

கல் இன்னதென்று தெரியும்வரை மூன்றைச் செய்யாதீர்கள்: கொதிநீர், இரவு முழுதும் ஊறல், உலர்ந்த நிலையில் தேய்ப்பு. மூன்றாவது கல்லுக்காகச் சொல்வது அல்ல, உங்களுக்காகச் சொல்வது. இயற்கைத் தீட்டுக்கற்களில் பெரும்பாலானவற்றின் வெட்டும் பொருள் சிலிக்கா. அதன் நுண்தூசி நுரையீரலில் தங்கினால் திரும்ப வெளியேறாது. கல்லை எப்போதும் நனைத்தே தேயுங்கள். மின்சாரத் தேய்ப்பான் கொண்டு உலர்வாகத் தேய்ப்பதை நான் யாருக்கும் அனுமதிப்பதில்லை.

## அறிகுறி 1: கறுத்துப் பிசுக்கேறி, கல்லின் நிறமே தெரியவில்லை

### பிசுக்கு நகத்தால் சுரண்டினால் வருகிறது

பழைய எண்ணெயும் இரும்புத் துகளும் கலந்த சேறுதான். வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, நைலான் தூரிகை போதும். பத்து நிமிடம் தேய்த்து, கழுவி, துடைத்து, நிழலில் ஒரு நாள் காயவிடுங்கள். நிறம் பார்க்க அவசரப்பட்டு வெயிலிலோ அடுப்பருகிலோ வைக்க வேண்டாம். அடுக்கு அடுக்காக அமைந்த கல் அங்கேதான் பிளக்கும்.

### பிசுக்கு பிசின்போல் இறுகி, சோப்புக்கு அசையவில்லை

ஆளிவிதை எண்ணெய் போன்ற காய்ந்து இறுகும் தாவர எண்ணெயை யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள். மண்ணெண்ணெய் நனைத்த துணியைக் கல்லின் மேல் சுற்றி, மூடியுள்ள பாத்திரத்தில் ஒரு நாள் வையுங்கள். பிறகு மரச் சீவலால் சுரண்டி, சோப்பு நீரில் கழுவுங்கள். இரண்டு மூன்று சுற்று தேவைப்படலாம். நெருப்பருகே செய்யக் கூடாது. எண்ணெய் ஊறிய துணிகளைக் கசக்கிக் குவித்துப் போடாமல் விரித்துக் காயப்போடுங்கள். காய்ந்து இறுகும் எண்ணெய் ஊறிய துணிக் குவியல் தானாகவே சூடேறித் தீப்பற்றும் தன்மை உடையது.

### கழுவக் கழுவ எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கிறது

இங்கே நின்றுவிடுங்கள். ஆரஞ்சு கலந்த பழுப்பு நிறத்தில் ஒரே சீராக இருக்கும் கல் என்றால் அது அலுமினியம் ஆக்சைடால் செய்த 'இந்தியா' வகைக் கல்லாக இருக்கலாம். பெயரைப் பார்த்து நம் நாட்டுச் சுரங்கக் கல் என்று நினைக்க வேண்டாம், அது அமெரிக்க நார்டன் நிறுவனத்தின் வணிகப் பெயர். இந்தக் கற்களைத் தயாரிக்கும்போதே எண்ணெய் ஏற்றித்தான் விற்றார்கள். உள்ளே உள்ள எண்ணெய்தான் இரும்புத் துகள் உள்ளே இறங்காமல் காக்கிறது. அதை வெளியேற்றுவது கல்லைத் துப்புரவாக்குவது ஆகாது. மேற்பரப்பு மட்டும் தெளிந்தால் போதும்.

### வல்லுநரைத் தேட வேண்டிய இடம்

கல்லின் மேல் முழுமையான அச்சுச் சீட்டு இருந்தால், குறிப்பாக ஜெர்மன் எழுத்தில் 'எஷர்' என்ற பெயர் தெரிந்தால், ஒரு சொட்டு சோப்புகூட வைக்காதீர்கள். அது ஜெர்மனியின் துரிங்கியா பகுதியின் சவரக்கத்திக் கல்லாக இருக்கக்கூடும். சீட்டோடு இருக்கும் கல்லைத் தேடுவோர் பலர் உண்டு. பழம்பொருள் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டிய பிறகே துடையுங்கள்.

## அறிகுறி 2: சுத்தமாகிவிட்டது, ஆனால் இயற்கைக் கல்லா செயற்கைக் கல்லா தெரியவில்லை

நிறம் நிறையப் பேரை ஏமாற்றும். வெள்ளை, சாம்பல், கறுப்பு எல்லாம் இரண்டு பக்கமும் உண்டு. நான் பார்ப்பது வரிசையாக இவை.

கண் சோதனை. பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடியில், நனைத்த மேற்பரப்பைப் பாருங்கள். ஒரே அளவுத் துகள்கள் மினுமினுப்பாக எங்கும் பரவி, இடையிடையே நுண்துளைகள் தெரிந்தால் செயற்கை. கோடு, நரம்பு, மேகம்போன்ற திட்டு, நிறம் படிப்படியாக மாறும் இடம் தெரிந்தால் இயற்கை. அடிப்பக்கத்தில் அறுவை வாளின் தடமோ உளித் தடமோ இருந்தாலும் இயற்கை என்றே நினைக்கலாம்.

இரண்டு நிறம் ஒட்டியிருந்தால். கரடு பக்கம், நைஸ் பக்கம் என்று இரு நிறத்தில் இருப்பதெல்லாம் செயற்கைக் கல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் கிடைக்கும் மஞ்சள் நிற 'கோட்டிக்யூல்' கல்லின் படிவம் மெல்லியது. அதனால் அதைச் சிலேட்டுக் கல்லின் மேல் ஒட்டி விற்பது வழக்கம். சிலவற்றில் மஞ்சளும் அடியிலுள்ள நீலமும் இயற்கையாகவே ஒட்டியிருக்கும். இணைப்புக் கோட்டைப் பாருங்கள். கரடுமுரடான துளைகளுள்ள கல் ஒரு பக்கமும் சன்னமான கல் மறுபக்கமும் இருந்தால் செயற்கை. இரு பக்கமும் வழவழப்பாக, ஒன்று மஞ்சள், மற்றது சாம்பல் அல்லது ஊதா கலந்த நீலம் என்றால் கோட்டிக்யூலாக இருக்க வாய்ப்பு மிகுதி.

ஆணிச் சோதனை. அடிப்பக்கத்தின் ஓரத்தில் இரும்பு ஆணியை அழுத்தி ஒரு கோடு இழுங்கள். பொடி உதிர்ந்து வெளிறிய கீறல் விழுந்தால் சிலேட்டு போன்ற மென்மையான கல். கீறல் விழாமல், பென்சில் கோடுபோல் இரும்பின் சாம்பல் தடம் ஒட்டிக்கொண்டால் ஆணி தோற்றுவிட்டது. குவார்ட்ஸ் வகைக் கல்லோ செயற்கைக் கல்லோதான்.

வினிகர் சோதனை. பக்கவாட்டில் ஒரே ஒரு சொட்டு. நுரைத்தால் சுண்ணாம்புச் சத்து உண்டு. கூர் தீட்ட உதவாத பளிங்குத் துண்டுகளைத் தீட்டுக்கல் என்று நம்பி வைத்திருப்போரை இந்த ஒரு சொட்டு காப்பாற்றும். ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய துருக்கிக் கல்லில் சிலிக்காவோடு சுண்ணாம்பும் கலந்திருக்கும், அதனால் அது மெல்ல நுரைக்கலாம். உடனே நீரால் கழுவிவிடுங்கள்.

வரலாற்றில் ஒரு எல்லைக்கோடும் உதவும். சிலிக்கன் கார்பைடை எட்வர்ட் அச்செசன் 1891இல்தான் உருவாக்கினார், அதற்குக் 'கார்போரண்டம்' என்று பெயரிட்டார். எனவே கறுத்து மினுங்கும் சிலிக்கன் கார்பைடு கல் ஒன்றைக் காட்டி "இருநூறு ஆண்டு பழையது" என்று யாரேனும் சொன்னால் அது உண்மையாக இருக்க முடியாது. அதேபோல தீட்டுக்கல் தயாரித்த அமெரிக்காவின் பைக் (Pike) நிறுவனத்தை நார்டன் 1932இல் வாங்கியது. இரண்டு பெயரும் சேர்ந்து அச்சான பெட்டி எந்தக் காலத்தது என்று ஊகிக்க இந்த ஆண்டு கைகொடுக்கும். ஆனால் பெட்டியை மட்டும் நம்பாதீர்கள். பட்டறையில் ஒரு கல் உடைந்தால் அதன் பெட்டிக்குள் வேறொரு கல் குடிபுகுவது சாதாரணம். அச்சிட்ட பெட்டியில் சற்றும் பொருந்தாத கல் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

## அறிகுறி 3: இயற்கைக் கல் என்று தெரிகிறது, எந்த இனம் என்று தெரியவில்லை

இதில்தான் மனம் அதிகம் அலைபாயும். அதனால் நிதானமாகச் செய்யுங்கள். நான் நம்புவது இரண்டே சோதனைகளை: எடை, பால்.

### எடைச் சோதனை

சமையலறைத் தராசு போதும். முதலில் உலர்ந்த கல்லை நிறுங்கள். பிறகு தராசின் மேல் நீர் நிரம்பிய பாத்திரத்தை வைத்து எண்ணைச் சுழியாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுவதும் நீரில் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம் எண்தான் கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில். கல்லின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 410 கிராம் கல் நீரில் 160 காட்டினால் அடர்த்தி ஏறத்தாழ 2.56.

அடியில் பலகையோ வேறு கல்லோ ஒட்டியிருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. நீர் உறிஞ்சும் கல்லும் ஏமாற்றும், குமிழி வந்துகொண்டே இருந்தால் எண்ணை நம்பாதீர்கள்.

அமெரிக்காவின் ஆர்கன்சா கற்கள் 'நொவாகுலைட்' என்ற பாறையைச் சேர்ந்தவை. ஏறக்குறைய முழுவதும் குவார்ட்ஸ்தான். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, எனவே எந்த ஆர்கன்சா கல்லும் அதைத் தாண்ட முடியாது. இவற்றில் அடர்த்தி குறையக் குறைய துளைகள் மிகுதி, வெட்டும் வேகமும் கூடும். 2.2ஐ ஒட்டியிருந்தால் 'வாஷிட்டா' அல்லது மென் ஆர்கன்சா, 2.5க்கு மேல் போனால் சவரக்கத்திக்குக் கடைசி மெருகு கொடுக்கும் கடின வகை. சிலேட்டு 2.7, 2.8 என்று நிற்கும். கோட்டிக்யூலில் கார்னெட் என்ற கனமான கனிமத்தின் மணிகள் நிறைந்திருப்பதால் சிலேட்டையும் விட அது கனக்கும்.

ஆர்கன்சா என்று சந்தேகம் வந்தால் இருட்டறையில் கல்லின் விளிம்புக்குப் பின்னால் கைவிளக்கைப் பிடியுங்கள். ஓரம் தேன் நிறத்திலோ பால் நிறத்திலோ ஒளிர்ந்தால் ஒளிபுகும் வகை. அதன் நெருங்கிய உறவான கறுப்பு ஆர்கன்சா இதே அளவு கடினமானது, ஆனால் ஒளி விடாது.

### பால் சோதனை

கல்லின் மேல் சில சொட்டு நீர் விட்டு, நுண்மையான வைரத் தகட்டின் ஓரத்தால் வட்டமாகத் தேயுங்கள். வரும் சேற்றைத்தான் நான் பால் என்கிறேன். கத்தியால் தேய்க்க வேண்டாம், இரும்பு கலந்தால் எல்லாப் பாலும் கறுத்துவிடும்.

வெண்மையான அல்லது இளமஞ்சள் பால், கெட்டியாக, சீக்கிரம் வந்தால்: கோட்டிக்யூல். கல் நீலச் சாம்பலாக இருக்க, பால் மட்டும் இளஞ்சிவப்பு கலந்த ஊதாவாக வந்தால்: கோட்டிக்யூலின் உடன்பிறப்பான பெல்ஜிய நீலக்கல். கல் பச்சை அல்லது சாம்பல், வழவழப்பு, பால் வெளிர் நிறம்: துரிங்கியக் கல்லாக இருக்கலாம். பால் கல்லின் நிறத்திலேயே மங்கலாக வந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு சிலேட்டு. நிறைய நாடுகளில் சிலேட்டுத் தீட்டுக்கல் வெட்டியிருக்கிறார்கள், ஊர் சொல்வது கடினம். அதை ஒப்புக்கொள்வது நல்லது.

எவ்வளவு தேய்த்தாலும் பால் வராமல் நீர் தெளிவாகவே நின்றால் ஆர்கன்சா வகைக் கடினக் கல். பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் சிவந்த திட்டுகள் ஓடி, பால் மிகத் தயங்கி வந்தால் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரைச் சேர்ந்த சார்ன்லி வனக் கல்லாக இருக்கலாம். பொறுமையைச் சோதிக்கும் கல், ஆனால் அது கத்திக்குத் தரும் வாய் (வெட்டும் விளிம்பு) மிக இதமானது.

ஜப்பானிய இயற்கைக் கல் என்றால் மேல்பக்கத்தில் முத்திரை, பக்கங்களில் படிவ அடுக்கு, சில நேரம் பக்கவாட்டில் பூசிய அரக்கு ஆகியவை காட்டிக்கொடுக்கும். கியோட்டோவைச் சுற்றியுள்ள சுரங்கங்களே இவற்றில் பேர்பெற்றவை. அடுக்குகளில் நீர் இறங்கினால் கல் ஏடு ஏடாக உரியும். அரக்கை அழுக்கென்று நினைத்துச் சுரண்டிவிடாதீர்கள், அது கல்லைக் காக்கப் பூசியது.

### வல்லுநரைத் தேட வேண்டிய இடம்

இரண்டு சோதனையும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், அல்லது கல்லை விற்கவோ வாங்கவோ பெயர் உறுதியாகத் தேவைப்பட்டால், நிலவியல் துறை உள்ள கல்லூரியை அணுகுங்கள். பாறையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்த்தோ எக்ஸ் கதிர்ச் சோதனை செய்தோ எந்தக் கனிமம் என்று சொல்லிவிடுவார்கள். சீவலுக்குக் கல்லில் சிறு துண்டு வெட்ட வேண்டியிருக்கும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 4: எண்ணெய் விடுவதா, நீர் விடுவதா?

சுத்தமான, உலர்ந்த கல்லில் ஒரு சொட்டு நீர் விட்டு ஒரு நிமிடம் பாருங்கள்.

சொட்டு உடனே மறைகிறது: துளைகளுள்ள கல். எண்ணெய் வாசனை துளியும் இல்லை என்றால் நீரோடு வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒருமுறை எண்ணெய் ஊற்றினால் நீர்க்கல்லாகத் திரும்பாது.

சொட்டு முத்துபோல் நிற்கிறது, எண்ணெய் வாசனை உண்டு: எண்ணெய்க் கல். மெல்லிய கனிம எண்ணெயில் தொடருங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம். அறிகுறி 1இல் சொன்ன பிசின் அதிலிருந்துதான் வருகிறது.

சொட்டு பரவி நிற்கிறது, வாசனை இல்லை: அடர்ந்த கல். நீர், சோப்பு நீர், எண்ணெய் எதுவானாலும் ஏற்கும். நான் சோப்பு நீரில் தொடங்குவேன், பிறகு மனம் மாறினால் எண்ணெய்க்குப் போக முடியும். எண்ணெயிலிருந்து திரும்பி வருவது பெரும்பாடு.

நீர்க்கல் என்றால் ஊறவைக்க வேண்டும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. செயற்கை நீர்க்கற்களில் மக்னீசியாச் சாந்தில் துகள்களைப் பிணைத்துச் செய்த வகை ஒன்று உண்டு. நீரில் நீண்ட நேரம் கிடந்தால் பிணைப்பு இளகும், காயும்போது சிலந்தி வலைபோல் வெடிக்கும். அப்படி ஒரு நல்ல கல்லை நான் ஒரே இரவில் இழந்திருக்கிறேன். எந்தப் பிணைப்பு என்பது பார்த்தால் தெரியாது. ஆகவே இனம் தெரியாத கல்லுக்கு நீர் தெளித்தால் போதும், ஊறல் வேண்டாம்.

## அறிகுறி 5: கத்தி வழுக்குகிறது, கல் பிடிக்கவில்லை

### கத்தியின் வாய் கல்லில் படவே இல்லை

பாதிப் புகார்கள் இதோடு தீர்ந்துவிடும். வாயின் சரிவில் அழியும் பேனா மையைப் பூசி, கல்லில் இரண்டு இழுப்பு இழுங்கள். மை வாயின் விளிம்பில் அப்படியே நின்று மேலே மட்டும் அழிந்தால் கோணம் தாழ்ந்திருக்கிறது. கல்லைக் குறை சொல்ல இன்னும் காரணம் இல்லை.

### மேற்பரப்பு மெருகேறிவிட்டது

வெளிச்சத்தைச் சாய்த்துப் பாருங்கள். கல் கண்ணாடிபோல் பளபளத்தால் துகள்களின் முனை மழுங்கிவிட்டது. ஆர்கன்சா போன்ற கடினக் கற்களில் துகள்கள் தாமாக உதிராததால் இது அடிக்கடி நடக்கும். 220 எண் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், எண் குறையக் குறையக் கரடு) கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, நீர் விட்டு, கல்லை ஓரிரு நிமிடம் தேயுங்கள். அதே கல் வேறு கல்லாக மாறியதுபோல் வெட்டும்.

### துளைகளில் இரும்பு அடைந்திருக்கிறது

சாம்பல் நிறக் கோடுகள் தெரிந்தால் இதுதான். தூரிகையும் சோப்பும். போகாவிட்டால் மேலே சொன்ன வாட்டர் பேப்பர்.

### கல்லே மிக நுண்மையானது

மழுங்கிய கத்திக்கு இது முதல் கல் ஆகாது, கடைசிக் கல். முன்பே நன்றாகத் தீட்டிய கத்தியை இதில் இருபது இழுப்பு இழுத்து, பிசிறு குறைந்து வாய் பளபளப்பானால் கல்லில் குறையில்லை.

### எஃகு கல்லை மீறுகிறது

வனேடியம் கார்பைடு என்ற மிகக் கடினமான துகள்கள் மிகுந்த நவீன எஃகை இயற்கைக் கல்லால் தீட்ட முயலும்போது இது வரும். குவார்ட்ஸைவிட அந்தக் கார்பைடு கடினமானது. சாதாரண கரி எஃகுக் கத்தி ஒன்றை அதே கல்லில் தீட்டிப் பாருங்கள். அது தீட்டப்பட்டால் கல் நலம். அந்த நவீனக் கத்திக்கு வைரத் தகடோ சிலிக்கன் கார்பைடு கல்லோ வாங்குவதுதான் வழி.

## அறிகுறி 6: நடுவில் குழிந்திருக்கிறது

இரும்பு அளவுகோலைக் கல்லின் நீளவாக்கிலும் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் நிறுத்தி, அடியில் தாள்களைச் செருகிப் பாருங்கள். சாதாரண எழுதுதாள் ஒன்றின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. சமையல் கத்திக்கு ஐந்து தாள் வரை போனாலும் நான் கல்லைத் தொட மாட்டேன். வளைந்த வாய்க்கு அந்தச் சிறு குழி இடையூறே அல்ல. உளிக்கும் இழைப்புளி அலகுக்கும் சவரக்கத்திக்கும் ஒரு தாள்கூட நுழையக் கூடாது.

மட்டமாக்குவதற்கு முன் பக்கவாட்டைப் பாருங்கள். ஒட்டுக்கல்லில் மேலடுக்கு எவ்வளவு மிச்சம்? கோட்டிக்யூலின் மஞ்சள் அடுக்கு நடுவில் 2 மி.மீ. கூட இல்லையென்றால் மட்டமாக்கும் முயற்சியே அந்தக் கல்லின் கடைசி நாள். குழியோடு வைத்துக்கொள்ளுங்கள், சிறு கத்திகளுக்கு உதவும். அடிப்பக்கம் மட்டமாக இருந்தால், பல கற்களைத் திருப்பிப்போட்டே பயன்படுத்தலாம். பலர் இதை யோசிப்பதே இல்லை.

மென்மையான கல்லுக்குத் தடித்த கண்ணாடி மேல் ஒட்டிய 120 எண் வாட்டர் பேப்பர் போதும். கல்லின் மேல் பென்சிலால் கட்டம் வரைந்து, நீர் விட்டுத் தேயுங்கள். கோடு முழுவதும் அழிந்தால் மட்டம். கடினக் கல்லுக்கு வாட்டர் பேப்பர் தாக்குப்பிடிக்காது. சிலிக்கன் கார்பைடுப் பொடி, 60 முதல் 90 எண், கண்ணாடியில் தூவி, நீர் சேர்த்து எட்டு வடிவில் அரைக்க வேண்டும். கடின ஆர்கன்சா என்றால் மணிக்கணக்கு ஆகும். வைரத் தகட்டை இதற்குக் கொடுக்காதீர்கள், கல் தகட்டைத் தின்றுவிடும். பொடியை மென்மையான கல்லில் பயன்படுத்துவதும் தவறு. துகள் கல்லுக்குள் புதைந்து அறிகுறி 7ஐ நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள்.

### வல்லுநரைத் தேட வேண்டிய இடம்

குழி 3 மி.மீ. தாண்டி, கல்லும் கடினமாக இருந்தால் மணிக்கல் அறுப்பவரிடம் கொடுங்கள். அவர்களிடம் நீர் பாயும் வைர வாளும் மட்டத் தட்டும் இருக்கும். எவ்வளவு தடிமன் எஞ்ச வேண்டும் என்பதை எழுதிக் கொடுங்கள்.

## அறிகுறி 7: நைஸ் கல்லில் தீட்டியும் ஆழமான கீறல் விழுகிறது

முதலில் கை, துணி, நீர்ப் பாத்திரம் எல்லாவற்றையும் கழுவிவிட்டு மறுபடி தீட்டுங்கள். கரடு கல்லின் ஒரு துகள் ஒட்டி வந்திருந்தால் இதிலேயே நின்றுவிடும்.

நிற்கவில்லையென்றால் கீறல் எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கல்லை நான்கு பகுதியாக மனதில் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் கத்தியின் வெவ்வேறு இடத்தைத் தீட்டுங்கள். ஒரே பகுதியில் மட்டும் கீறல் வந்தால், அங்கே நகத்தை மெல்ல ஓட்டுங்கள். நகம் தடுக்கும் இடத்தில் கடின நரம்போ புதைந்த மணியோ இருக்கும். கூரான ஊசியால் அதைச் சுற்றியுள்ள மேற்பரப்பைவிடச் சற்றுத் தாழ்வாகக் குடைந்துவிடலாம். கல்லில் சிறு குழி இருப்பது தீட்டலைக் கெடுக்காது, மேடுதான் கெடுக்கும்.

எல்லாப் பகுதியிலும் கீறல் என்றால் யாரோ சிலிக்கன் கார்பைடுப் பொடி போட்டு மட்டமாக்கியிருக்கிறார்கள், அதன் துகள் கல்லில் புதைந்திருக்கிறது. தூரிகையால் நன்கு கழுவி, 400 எண் வாட்டர் பேப்பரில் மேல்தோலை எடுத்துவிடுங்கள்.

## அறிகுறி 8: விரிசல், உடைவு

கல்லை நனைத்து, துடைத்து, காய்வதைக் கவனியுங்கள். மேற்பரப்பு உலர்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாகக் கறுத்து நின்றால் அது விரிசல். நிறக் கோடானால் சேர்ந்தே உலரும். பிறகு கல்லை இரண்டு விரலில் தொங்கப் பிடித்து மரக் கைப்பிடியால் தட்டுங்கள். கணீரென்றால் முழுக்கல், மட்டையொலி வந்தால் உள்ளே பிளவு இருக்கிறது. மிகுந்த துளையுள்ள கல் நலமாக இருந்தாலும் மட்டையாகவே ஒலிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மேலோட்ட விரிசலுக்குப் பக்கங்களில் மெல்லிய அரக்கு பூசினால் நீர் இறங்காது. இரண்டாக உடைந்தால் எபாக்சி பசையால் தட்டையான சிலேட்டின் மேல் இரு துண்டையும் ஒட்டி, பிறகு ஒன்றாக மட்டமாக்குங்கள். எண்ணெய் ஊறிய கல்லில் பசை நிற்காது, உடைவு முகத்தை மண்ணெண்ணெயாலும் சோப்பாலும் துடைத்து நன்றாகக் காயவிட்டே ஒட்டுங்கள்.

இதெல்லாம் கையால் தீட்டும் கல்லுக்கு மட்டும். வேகமாகச் சுழலும் சாணைச் சக்கரத்தில் மயிரிழை விரிசல் இருந்தாலும் ஒட்டிப் பார்ப்பது, "கொஞ்ச நேரம் மட்டும்" ஓட்டுவது எதுவும் கூடாது. ஓட்டத்தில் சிதறினால் துண்டுகள் ஆளைக் கொல்லும். சுத்தியலால் உடைத்து, யாரும் மறுபடி எடுத்துப் பொருத்த முடியாதபடி எறிந்துவிடுங்கள்.

## எல்லாம் செய்தும் பெயர் கிடைக்கவில்லை

அப்படியும் நடக்கும், என்னிடமே அப்படி ஏழெட்டுக் கற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பெட்டியிலும் ஒரு சிறு அட்டை வைத்திருக்கிறேன். அதில் அடர்த்தி, பாலின் நிறம், ஆணிக்கு என்ன ஆயிற்று, வினிகருக்கு நுரைத்ததா, நீரா எண்ணெயா, எந்தக் கல்லுக்கு அடுத்தபடியாக இதைப் பயன்படுத்தினால் வாய் நன்றாக வருகிறது என்பதெல்லாம் பென்சிலால் எழுதியிருக்கும். பெயருக்கான வரியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். போன ஆண்டு அவற்றில் ஒன்றை நிரப்ப முடிந்தது. இனம் உறுதியாகத் தெரிந்த வேறொரு கல்லைத் தேய்த்தபோது, அட்டையில் குறித்திருந்த அதே இளஞ்சிவப்பு கலந்த ஊதாப் பால் வந்தது.